வீடு, பட்டறை, புதுக் கட்டடம்: தமிழ்நாட்டில் மின்சாரச் சிக்கனத் திட்டங்களை எங்கே தேடுவது?

கேள்வி: திருச்சி துவாக்குடியில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிற தையில் சொந்த வீடு கட்ட ஆரம்பிக்கிறோம், தரைத்தளமும் ஒரு மாடியும். இப்போதிருக்கும் வாடகை வீட்டிலேயே கரண்ட் பில் தாங்கவில்லை, பட்டறை பில் அதற்கு மேல். மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசு மானியம், திட்டம் ஏதாவது இருக்கிறதா? யாரிடம் கேட்பது? வீடு கட்டும் இன்ஜினீயரிடம் என்ன சொல்ல வேண்டும்? சோலார் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட மூன்றும் மூன்று வெவ்வேறு அலுவலகங்களில் கிடக்கின்றன, ஒருவர் வைத்திருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரொக்கமாக மானியம் உள்ள இடம் உங்கள் பட்டறை. இப்போதைய வாடகை வீட்டுக்கு ரொக்கம் எதுவும் இல்லை, ஆனால் பில்லின் ஸ்லாப் கணக்கும் சாமான்களின் ஸ்டார் லேபிளும் புரிந்தால் அதுவே ஒரு மானியம் மாதிரிதான். கட்டப்போகும் வீட்டுக்கு சோலாரைத் தவிர வேறு மானியமும் இல்லை, கட்டாயமும் இல்லை. ஆனால் நீண்ட காலத்துக்கு அதிகம் மிச்சமாகப் போவது அங்கேதான், அதுவும் பிளான் காகிதத்தில் இருக்கும் இந்தச் சில மாதங்களில் மட்டும்தான்.

யார் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். தலைமை டெல்லியில் இருக்கும் எரிசக்தித் திறன் பணியகம். எல்லாரும் பி.இ.இ. என்றுதான் சொல்வார்கள், ஃபிரிட்ஜில் ஸ்டார் ஒட்டுகிறவர்கள். 2001-ல் வந்த எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002 மார்ச்சில் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் அதன் வேலையைப் பார்க்க ஒரு அமைப்பைக் குறிப்பிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தமிழ்நாட்டில் அது மின்வாரியம் அல்ல, சென்னை கிண்டியில் தலைமையிடம் உள்ள மின் ஆய்வுத் துறை. லிஃப்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் அனுமதி கொடுக்கும் அதே துறைதான். சிறுதொழில் மானியம் மாவட்டத் தொழில் மையத்தில். கட்டட விதிகள் உள்ளாட்சி, நகர் ஊரமைப்புத் துறை பக்கம். இதெல்லாம் தெரியாமல் ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் போய் "சிக்கனத்துக்கு ஏதாவது திட்டம் இருக்கா சார்?" என்று கேட்டால், சோலார் விண்ணப்பத்தைத்தான் காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பில், மீட்டர், இணைப்பு, அதுதான் அவர்கள் அன்றாட வேலை. முன்பு டெடாவுக்கு (தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை) போனவர்களுக்கும் ஒரு தகவல்: 2024-ல் மின்வாரியத்தைப் பிரித்தபோது டெடாவைத் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

பக்கத்துக் கேரளத்தில் இதற்கென்றே எனர்ஜி மேனேஜ்மென்ட் சென்டர் என்று தனி அமைப்பு 1996 முதல் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இன்னும் ஒரு படி மேலே போய், 2012-ல் வட்டாரத்துக்கு ஒரு எரிசக்தி வலையமைப்பு என்று உள்ளாட்சிகளிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியுள்ள ஒன்பது மாவட்டங்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பில் வீட்டுக்காரருக்குத் தள்ளுபடி, கடைக்காரருக்கு உதவி, கட்டடக் கலைஞருக்கும் அனுமதி கொடுக்கும் அலுவலருக்கும் பயிற்சி என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். செலவுக்கான பணம் மின் நுகர்வோர் பில்லில் கட்டும் சிறு தொகையிலிருந்து வருகிறது. நம்மிடம் அப்படி ஒரு ஒற்றைக் கவுண்டர் கிடையாது, அந்தக் கவுண்டர் வேலையை நீங்களேதான் பார்த்தாக வேண்டும்.

பட்டறையிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாடு அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறையில் 'பீஸ்' (PEACE) என்றொரு திட்டம் இருக்கிறது. எரிசக்தித் தணிக்கை செய்யவும் (மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து பார்ப்பது), அதன் பரிந்துரைப்படி இயந்திரங்களை மாற்றவும் மானியம். தணிக்கைச் செலவில் 75 சதவீதம், அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். மாற்றும் இயந்திரங்கள், கருவிகளின் செலவில் 50 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாக. உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான ஒன்றிய அரசுப் பதிவு) இருக்க வேண்டும், தணிக்கை செய்பவர் தகுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். இது செலவு செய்த பிறகு திரும்பக் கொடுக்கும் மானியம். முன்பணமாக வராது, வருவதற்கும் நேரம் எடுக்கும். ஆகவே, "மானியம் வந்ததும் மெஷின் விற்றவருக்குப் பணம் கொடுக்கலாம்" என்று கணக்குப் போடாதீர்கள்.

இந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எல்லாரும் அந்த 10 லட்சத்தைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அந்த 1 லட்சம்தான் பெரிதாகத் தெரிகிறது. இருபது வருடமாகத் தணிக்கை வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், சிறு பட்டறைகளில் வரும் மிச்சத்தில் பெரும்பங்கு புது மெஷின் எதுவும் வாங்காமலே கிடைத்துவிடுகிறது. எங்கே போகிறது என்று அளந்து பார்க்க ஆள் இல்லாததுதான் குறை, அந்த ஆளுக்குத்தான் அரசு பணம் தருகிறது. ஆர்டர் போட்டுவிட்டுத் தணிக்கையைச் சடங்குக்காக வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மானியக் கோப்பு சிக்கலாகும், அதைவிட, தேவையில்லாத மெஷினை வாங்கிவிட்டிருப்பீர்கள்.

ஃபேப்ரிகேஷன் பட்டறை என்பதால் இரண்டு விஷயத்தை நீங்களே பார்க்கலாம். ஒன்று கம்ப்ரஸர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை எதுவும் இல்லாத நேரத்தில், எல்லா வால்வுகளையும் வழக்கம்போல் வேலைநாள் நிலையில் வைத்துவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். காற்றைப் பயன்படுத்த யாருமே இல்லை, அப்படியென்றால் டேங்க் நிரம்பியதும் அது நின்று, நின்றபடியே இருக்க வேண்டும். இருக்காது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓட ஆரம்பிக்கும். போனில் நேரம் குறியுங்கள். 2 நிமிடம் ஓடி 6 நிமிடம் நிற்கிறது என்றால், எட்டில் இரண்டு பங்கு, அதாவது கம்ப்ரஸர் தரும் காற்றில் 25 சதவீதம் ஒழுக்கிலேயே போகிறது. அப்புறம் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு லைன் நெடுகப் போங்கள். குவிக் கப்ளர், ஹோஸ் கிளாம்ப், ஃபில்டர் ரெகுலேட்டரின் அடிப்பக்க வடிகால், கிரைண்டர் பாயிண்டில் யாரோ இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்த நீலக் குழாய், இந்த நாலு இடத்திலும் குமிழ் வரும். 3 மில்லிமீட்டர் அளவு ஓட்டை ஒன்று, 7 பார் அழுத்தத்தில், கிட்டத்தட்ட 3 கிலோவாட் மின்சாரத்தைத் தின்னும். நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 750 யூனிட். சரிசெய்ய ஆகும் செலவு ஒரு கிளாம்ப்.

அதோடு அழுத்தத்தையும் பாருங்கள். பெயிண்ட் ஸ்பிரேக்கும் நியூமேட்டிக் கிரைண்டருக்கும் 6 பார் போதும் என்கிற இடத்தில் 8 பார் வைத்திருப்பார்கள், "பிரஷர் இருந்தாத்தான் வேலை ஓடும்" என்று. ஒரு பார் குறைத்தால் கம்ப்ரஸர் மின்சாரத்தில் 6, 7 சதவீதம் குறையும். கிரிட் பிளாஸ்டிங் (காற்றில் துகளை அடித்துத் துரு நீக்குவது) செய்கிறீர்கள் என்றால் அதற்குத் தனி அழுத்தம் வேண்டும், அது வேறு கதை. அப்போது பிளாஸ்டிங்குக்கு ஒரு கம்ப்ரஸர், மற்றதற்கு ஒன்று என்று பிரிப்பது சரியா என்பதைத் தணிக்கையாளர் அளந்துதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வெல்டிங் செட். பழைய டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர் செட்டுகள் ஆர்க் அடிக்காத நேரத்திலும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். வெல்டர் உண்மையில் ஆர்க் அடிப்பது வேலை நேரத்தில் ஒரு பகுதிதான். மீதி நேரம் ஃபிட்டப், ஸ்லாக் தட்டல், ராடு மாற்றல், டீ. அந்த மீதி நேரம் முழுக்க செட் உறுமிக்கொண்டிருக்கும், பவர் ஃபேக்டரும் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) கெடும். இன்வெர்டர் செட் இந்த இரண்டையும் தீர்க்கிறது, பீஸ் திட்டத்தில் மாற்றுவதற்கு நல்ல வேட்பாளர். மோட்டார்களில் மூன்று, நான்கு முறை ரீவைண்டிங் செய்யப்பட்டவை எவை என்று ஒரு பட்டியல் எடுங்கள். நாள் முழுக்க ஓடுகிற மோட்டாராக இருந்தால், ஒரே வருடத்தில் அது தின்னும் மின்சாரத்தின் விலை புது மோட்டாரின் விலையைப் போலப் பல மடங்கு. அங்கே ஐஇ3 என்ற உயர்திறன் தரத்துக்கு மாறுவது நியாயம். நாளைக்கு அரை மணி நேரம் ஓடும் மோட்டாரை மாற்றச் சொன்னால், சொல்பவர் மோட்டார் விற்பவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றிய அரசும் 2025 ஜூலையில் 'அடீட்டீ' (ADEETIE) என்ற திட்டத்தைத் தொடங்கியது. இது மானியம் அல்ல, வட்டித் தள்ளுபடி. திறன் கூடிய தொழில்நுட்பத்துக்கு வாங்கும் கடனில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதப் புள்ளி, நடுத்தர நிறுவனங்களுக்கு 3. பி.இ.இ.தான் இதை நடத்துகிறது. ஃபவுண்டரி, ஃபோர்ஜிங், ஜவுளி, தோல், செங்கல், உணவு பதப்படுத்தல் என்று 14 தொழில்களை எடுத்திருக்கிறார்கள், முதல் கட்டத்தில் 60 தொழில் தொகுப்புகள். கோவை, திருப்பூர்க்காரர்கள்தான் இதில் முதலில் கவனிக்க வேண்டியவர்கள். பொதுவான ஃபேப்ரிகேஷன் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லாததால் உங்களுக்கு பீஸ்தான் முதல் வழி. வங்கி மேலாளரிடம் இதைப் பற்றிக் கேட்பதில் நஷ்டமில்லை.

இப்போதைய வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் 2016 மே முதல் இலவசம், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது 500-ல் இருக்கும் பள்ளம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை ஒரு சலுகை விலை. 501 ஆனதும் அந்தச் சலுகை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. அதாவது ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு இருநூறு ரூபாய்க்கு மேல் தண்டம், 500-க்கு மேல் ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். இதெல்லாம் 2025 நிலவரம். கட்டணம் மாறினாலும் ஸ்லாபின் வடிவம் இப்படித்தான் பல வருடமாக வருகிறது.

இதை வைத்து ஒரு கணக்கு. உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 540 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹாலிலும் படுக்கையறையிலும் பழைய ஃபேன், ஒவ்வொன்றும் சுமார் 75 வாட், நாளைக்கு 15 மணி நேரம். அதே காற்றை பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் 30 வாட்டில் தரும். ஒரு ஃபேனுக்கு மிச்சம் 45 வாட், இரண்டு மாதத்தில் 40 யூனிட். இரண்டு ஃபேனுக்கு 80. பில் 460-க்கு வந்துவிடும், பள்ளத்தையும் தாண்டியாயிற்று. 2025 கட்டணத்தில் ஒரு பில்லுக்குக் குறைவது சுமார் 800 ரூபாய். இரண்டு ஃபேனுக்கு ஆறாயிரம் ரூபாய் என்றாலும் ஒன்றேகால் வருடத்தில் வந்துவிடும். வாடகை வீடு என்றால் போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர் வழியாக பி.எல்.டி.சி. ஃபேனை மாட்டாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ரெகுலேட்டரை விலக்கி நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதன் உள்ளே இருக்கும் போர்டு சீக்கிரம் போய்விடும்.

சீலிங் ஃபேனுக்கும் 2023 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் கட்டாயம். ஏ.சி.க்கும் ஃபிராஸ்ட்-ஃப்ரீ ஃபிரிட்ஜுக்கும் 2010-லேயே கட்டாயமாகிவிட்டது. லேபிளில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் லேபிள் காலத்தையும் பாருங்கள். அளவுகோலைச் சில வருடத்துக்கு ஒரு முறை இறுக்குகிறார்கள், ஆகவே பழைய ஐந்து ஸ்டார் புதிய அட்டவணையில் நான்காகவோ மூன்றாகவோ இறங்கிவிடும். கடையில் "ஸ்டாக் கிளியரன்ஸ், ஃபைவ் ஸ்டார்" என்று விலை குறைத்துத் தருவதன் ரகசியம் பல நேரம் இதுதான். ஏ.சி. லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட் 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. திருச்சியில் மாசியிலிருந்து ஐப்பசி வரை தினமும் இரவு எட்டு மணி நேரம் போடுகிறவர் அந்த மணிக்கணக்கைத் தாண்டிவிடுவார். அதிகம் போடுகிறவருக்கு ஐந்து ஸ்டார், விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிறவருக்கு மூன்று ஸ்டார் போதும். இதைத்தான் நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது. 2020 முதல் வரும் ஏ.சி.க்கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்கும், அதை 18-க்கு இறக்குவது நம் கைதான். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது பி.இ.இ.

எல்.இ.டி. பல்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அந்தத் திட்டம் வெற்றிபெற்று முடிந்தே போய்விட்டது. ஆனால் அது நடந்த விதம் சுவாரசியம். முதல் பெரிய வெள்ளோட்டம் நம் புதுச்சேரியில்தான், 2014-ல், பல்பை 10 ரூபாய்க்குக் கொடுத்து. 2015 ஜனவரியில் நாடு முழுக்க உஜாலா என்ற பெயரில் வந்தது. அரசு நிறுவனம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியதில், 310 ரூபாய்க்கு வாங்கிய பல்பின் விலை இரண்டு, மூன்று வருடத்தில் 38 ரூபாய்க்கு இறங்கியது. வீடு வீடாக மானியம் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் கருத்து.

பிளக்கில் செருகினால் பில் 40 சதவீதம் குறையும் என்று ஒரு டப்பா விற்கிறார்களே, பவர் சேவர், அதை வாங்காதீர்கள். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் பச்சை விளக்கும் இருக்கும். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் அளக்கிறது, பவர் ஃபேக்டருக்கு வீட்டு பில்லில் காசு கிடையாது. அந்தப் பச்சை விளக்குக்கு ஆகும் மின்சாரம்தான் கூடுதல்.

சரி, புது வீடு. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், முடிந்தால் இன்ஜினீயரையும் படிக்கச் சொல்லுங்கள்.

வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு 2007-ல் வந்து 2017-ல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையோ உள்ள கட்டடங்களுக்கு, அதாவது பெரிய ஆஸ்பத்திரி, ஹோட்டல், ஐ.டி. கட்டடம் போன்றவற்றுக்கு. குடியிருப்புகளுக்கு 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று தனித் தொகுப்பு வந்தது. 2022 சட்டத் திருத்தம் குடியிருப்புகளையும் சட்ட வரம்புக்குள் கொண்டுவந்து, சுமை வரம்பைக் குறைத்துக்கொள்ளும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. இரண்டு தொகுப்புகளுக்கும் 2024-ல் புதிய பதிப்பும் வந்துவிட்டது. உங்கள் இரண்டு தள வீடு எதிலும் சிக்காது. 2018 தொகுப்பே 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளை விட்டுவிட்டது. ஆனாலும் அதிலிருக்கும் மூன்று எண்களை அப்படியே எடுத்து இன்ஜினீயரிடம் கொடுக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் நிபுணர் ஆலோசனை அது.

முதல் எண் கூரைக்கு: வெப்பம் கடத்தும் அளவு, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. நாம் போடும் வெறும் ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்தின் அளவு 3-க்கு மேல். அதன்மேல் வழக்கமாகப் போடும் செங்கல் ஜல்லி சுண்ணாம்புச் சுர்க்கியும் தட்டோடும் சேர்த்தாலும் 2-க்குக் கீழே இறங்குவது கஷ்டம். பெரியவர்கள் சுர்க்கியைச் சரியாகத்தான் போட்டார்கள், ஆனால் அது தண்ணீருக்குத்தான் நல்ல தடை, வெயிலுக்குப் பாதித் தடை. திருச்சி இருக்கும் அட்சரேகையில் சித்திரையிலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வருகிறது. கோடையில் சுவரைவிடக் கூரைதான் அடிவாங்குகிறது, மேல்மாடி அறையில் இரவு பதினொரு மணிக்கும் ஃபேன் சூடான காற்றைத் தள்ளுவது அதனால்தான். தீர்வு பெரிய செலவில்லை. தளத்துக்கு மேல் வாட்டர்புரூஃபிங், அதன்மேல் ஒரு அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகை (வெப்பத்தைத் தடுக்கும் ஃபோம் பலகை), அதன்மேல் வாட்டத்துக்குக் கான்கிரீட், கடைசியாக வெள்ளை நிறக் குளிர்க் கூரை டைல். அந்த ஒரு அங்குலப் பலகையிலேயே அளவு 1-க்குக் கீழே வந்துவிடும். பட்ஜெட் இடித்தால் மண்சட்டிகளைக் கவிழ்த்து இடையில் கான்கிரீட் நிரப்பும் பழைய முறையும் வேலை செய்யும், ஆனால் சட்டியை உடைக்காமல் வேலை பார்க்கும் கொத்தனார் கிடைக்க வேண்டும். வெள்ளை பெயிண்ட் மட்டும் அடித்தாலும் பலன் உண்டு. தூசி படிந்ததும் பலன் குறையும், இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி அடிக்க வேண்டும்.

இரண்டாவது எண் காற்றுக்கு. சூடும் ஈரப்பதமும் சேர்ந்த மண்டலத்தில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு வீட்டுத் தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது, அதாவது ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 'திறக்கக்கூடிய' என்பதுதான் இதில் முக்கியம். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி வேண்டும் என்று ஐந்துக்கு நான்கில் ஒரு ஜன்னல் போடுவீர்கள், சரியாக 20. ஆனால் இப்போது எல்லாரும் வைக்கும் யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவை இன்னொன்றின் பின்னால்தான் தள்ள முடியும், திறப்பது 10 சதுர அடிதான். அதே அளவில் வெளிப்பக்கம் திறக்கும் பழைய மாதிரிக் கதவு வைத்தால் கிட்டத்தட்ட முழு 20-ம் திறக்கும். ஏ.சி. இல்லாத அறைகளுக்கு ஸ்லைடிங் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்ஜினீயர் "கொசுவலை வைக்க ஸ்லைடிங்தான் வசதி" என்பார். உள்பக்கம் திறக்கும் வலைக் கதவு தனியாக வைக்கலாம், பதில் அதுதான்.

மூன்றாவது எண் சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பத்துக்கு: சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 15 வாட். இதைக் கணக்கிடுவது இன்ஜினீயர் வேலை, அதற்குப் பி.இ.இ. இணையதளத்தில் கருவியும் இருக்கிறது. உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்: மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி வேண்டாம். மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் இரண்டடி சன்ஷேட் அதைத் தடுக்காது. படிக்கட்டு, குளியலறை, ஸ்டோர் இவற்றை மேற்கே தள்ளுங்கள். வாஸ்து வேறு மாதிரி சொன்னால், மேற்குச் சுவரையாவது ஏ.ஏ.சி. பிளாக்கில் (காற்றுத் துளைகள் உள்ள எடை குறைந்த கான்கிரீட் கல்) கட்டி வெளிர் நிறம் அடியுங்கள்.

இன்ஜினீயருக்கும் ஒரு வார்த்தை. இந்த விதித்தொகுப்புகள் பெரிய கட்டடங்களில் கட்டாயமாகி வருகின்றன, வடிவமைப்புக் கட்டத்திலேயே கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நம் ஊரில் குறைவு. பி.இ.இ. நடத்தும் தேசியத் தேர்வில் மூன்று தாள் எழுதினால் எரிசக்தி மேலாளர், நான்கும் எழுதினால் தணிக்கையாளர். பசுமைக் கட்டடச் சான்று பக்கம் போக விரும்பினால் ஐ.ஜி.பி.சி., கிருஹா இரண்டுக்கும் தனித்தனித் தேர்வும் பயிற்சியும் உண்டு. சான்றிதழ் பலகைக்காக ஆசைப்பட்டுச் சின்ன வீட்டுக்கு அந்தப் பதிவுக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. அந்தப் பணத்துக்கு எக்ஸ்.பி.எஸ். பலகை வாங்கலாம்.

சோலார் எல்லாவற்றையும் சரிசெய்யாது, ஆனால் நல்லதுதான். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்கு 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் மொத்தம் 78,000 மானியம். வரிசைதான் முக்கியம். ஃபேன், ஏ.சி., கூரை இவற்றை முதலில் சரிசெய்துவிட்டு, ஒரு கோடை பில் வந்த பிறகு அளவை முடிவு செய்தால், 5 கிலோவாட் என்று நினைத்தது 3-ல் முடியலாம். அதுவரை பேனலை வாங்க வேண்டாம், ஆனால் இடத்தை இப்போதே தயார் செய்யுங்கள். தெற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டி நிழல் விழாத இடத்தைக் காலியாக விடுங்கள். மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலிக் குழாயைச் சுவருக்குள் போடச் சொல்லுங்கள். பேனல் ஸ்டாண்டின் கால்களுக்கான சிறு கான்கிரீட் பீடங்களை வாட்டர்புரூஃபிங்குக்கு முன்பே தளத்தோடு வார்த்துவிட வேண்டும். பிறகு வந்து டைலையும் எக்ஸ்.பி.எஸ். பலகையையும் துளைத்து போல்ட் அடித்தால் அடுத்த ஐப்பசி மழையில் மேல்மாடி ஒழுகும்.